நான்கு துடிப்புக்குச் சலாம் வேண்டாம்

கல்முனை. 2009 மார்ச் 11, புதன், பிற்பகல் 2.40. வாப்பாவின் இதயத்தை இதுவரை பிடித்த படங்கள் நான்கு. உருப்படியானது ஒன்றுமில்லை.

அன்புள்ள ஹமீட் காக்காவுக்கு, தம்பி றிஸ்வி சலாத்துடன் எழுதுவது. இங்கு எல்லோரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. அது உண்மையா என்று தெரிந்துகொள்ளத்தான் கிளினிக் வாசலில் குந்தியிருக்கிறேன்.

சுல்பிகா சாச்சி போனில் அழுததை நம்பி டோஹாவிலிருந்து டிக்கெட் போட்டுவிடாதீர்கள். வாப்பாவின் இதயம் இரண்டாகக் கிழியவில்லை, கிழிந்தது படம். சுனாமியில் கடல் வந்த பிறகு வெளிநாட்டார் கொடுத்த இந்த ஸ்கேன் மெசின், துடிக்கிற இதயத்தை ஒரே அடியில் முழுதாகப் பிடித்தால் வால்வு கஞ்சிக்குள் கிடக்கிற மாதிரித்தான் தெரியும். ஆகவே நான்கு துடிப்பில் நான்கு துண்டாகப் பிடித்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தைக்கும். அந்த நான்கு துடிப்புக்கும் ஆள் மூச்சுவிடக் கூடாது, கதைக்கக் கூடாது. அசைந்தால் துண்டு விலகும், நடுவே கோடு விழும். வால்வு ஒழுகுகிறதா, ஒப்பரேசன் வேண்டுமா என்று டொக்டர் பார்க்க வேண்டிய இடத்தில்தான் அந்தக் கோடு!

முதல் தரம் மூச்சைப் பிடிக்கச் சொன்னதும் வாப்பா சத்தமாக பிஸ்மி சொன்னார். இரண்டாம் தரம் சாச்சி தேத்தண்ணிப் போத்தலோடு நுழைந்து சலாம் சொன்னா. வாப்பா பதில் சொன்னார், கோடு விழுந்தது, சாச்சி அதைப் பார்த்துவிட்டு ஊரைக் கூட்டினா. மூன்றாம் தரம், நோய் விசாரிக்க வந்த பக்கத்து வீட்டு முனாப் காக்கா திரைக்குள் தலையை நீட்டிச் சலாம். நான்காம் தரம் ஜன்னலுக்கு வெளியே ஆறு பேர், ஒரே குரலில்.

"மனசுக்குள்ள பதில் சொல்லுங்களன் வாப்பா!"

"சொன்னவனுக்குக் கேக்காட்டி அது என்ன பதில்? உன்ட மெசினுக்காகக் கடமைய உடவா மனே?"

பொறுமை போய்விட்டது. 'படம் பிடிக்கிறோம். யாரும் சலாம் சொல்லாதீர்கள்' என்று எழுதிக் கதவில் ஒட்டினேன். படம் பிடிக்கிற நிறோசா மிஸ் பதறினா. "தம்பி, நான் சேர்ச்சுக்குப் போற வேதக்காரப் பிள்ளை. இத நான் ஒட்டினனெண்டு ஊர் கதைச்சா நாளைக்கு நான் எப்பிடி வேலைக்கு வாற? கீழ உங்கட பேர எழுதுங்க." எழுதினேன். முனாப் காக்கா அதை இரண்டு முறை வாசித்தார். "கடல் வந்த நாளும் இந்த ஊர்ல சலாம் நிக்கல்லடா, படிச்ச மடையா" என்றுவிட்டு எல்லோரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். போகட்டும். வாசல் இப்போதுதான் அமைதி.

அசர் தொழுகை முடிய ஐந்தாவது படம். பயப்பட ஒன்றுமில்லை, நீங்கள் வரத் தேவையில்லை. கபூர் மச்சான் இன்றிரவு கொழும்பு போய் டோஹா விமானம் ஏறுகிறார், இதை அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். அல்லாஹ் உங்களுக்கு நல்ல சுகத்தையும் கொஞ்சம் பொறுமையையும் தரட்டும். பொறுமையில் எனக்கும் ஒரு பங்கு கேளுங்கள்.

தம்பி,
றிஸ்வி

பி.கு. மாலை 5.20. படம் கண்ணாடி மாதிரி வந்தது. கோடு இல்லை. ஒழுக்கு இருக்கிறது. கோட்டுக்குப் பின்னாலேயே இருந்திருக்கிறது. கொழும்பில் ஒப்பரேசன். இரத்தம் கொடுக்க ஆறு பேரைக் கூட்டிவரச் சொல்கிறார் டொக்டர். உம்மாவுக்குக் கேட்கும் என்பதால் போனில் சொல்லவில்லை. இனி நான் செய்யப்போவது:

1. நோட்டீசைக் கிழிப்பேன்.
2. முனாப் காக்கா வீட்டுக்குப் போய் வாசலில் நின்று சலாம் சொல்வேன். பதில் வரும்வரை சொல்வேன். பிறகுதான் இரத்தம் கேட்பேன்.
3. வாப்பாவிடம் நீங்கள் வந்த பிறகு சொல்வேன். டிக்கெட் போடுங்கள் காக்கா.