சீட்டு மாறிய குண்டுகள்

"சீட்டையெல்லாம் எதுக்கு அவுத்த?" என்று கேட்டார் குமாஸ்தா. கத்தக்கூட அவருக்குத் தெம்பில்லை.

"சீட்டோட எப்படித் துலக்குறது? அதான் ஒண்ணு விடாம திரும்பக் கட்டிட்டேனே," என்றாள் மனைவி.

எது எதிலிருந்தது என்பது மட்டும் அவளுக்கு நினைவில்லை.

அலமாரியில் பதிமூன்று பீரங்கிக் குண்டுகள் பளபளவென்று நின்றன. எல்லாம் ஒரே அளவு, முழங்கை நீளம். பழைய போர்க்களங்களில் உழும்போது கிளம்பியவை. மூட்டுவலியோடு ஒன்பது வருடம் அலைந்து சேர்த்தார். பன்னிரண்டில் வெடிமருந்து இல்லையென்று சோதித்தாயிற்று. போன வாரம் வந்ததற்கு இன்னும் சோதனை ஆகவில்லை.

"அதுல மட்டும் 'தொடாதே'ன்னு எழுதியிருந்தேனே, பாக்கலையா?"

"பாத்தேன். அதான் அதைக் கடைசியா துலக்கினேன்."

குமாஸ்தா, அதைத் தனக்கு விற்றவருக்குப் போன் செய்தார்.

"பயப்படாதீங்க சார். ஆட்டாம, தேய்க்காம வச்சிருந்தா ஒண்ணும் ஆகாது."

மனைவி கையிலிருந்த கம்பி நாரை மெதுவாகக் கீழே வைத்தாள்.

வேறு வழியில்லாமல் வெடிகுண்டு நிபுணரைக் கூப்பிட்டார். அவர் வந்ததும் வராததுமாகத் தெருவையே காலி செய்யச் சொன்னார்.

தெருக்கோடிப் பூங்காவில் இருந்தது ஒரே மரம். அதன் நிழலில் மொத்தத் தெருவும் நெருக்கியடித்துக்கொண்டு நின்று குமாஸ்தாவை முறைத்தது. நடுவே பெஞ்சில், துணிப்பையை மடியில் வைத்தபடி மாமனார். 'இந்தத் துருப்பிடிச்ச குப்பைக்கு ஒரு அலமாரியா' என்று ஒன்பது வருடமாகப் புலம்பியவர் இன்று வாயே திறக்கவில்லை. அதுவே குமாஸ்தாவுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

"ஒண்ணுல மருந்து இருந்தாலும் மொத்தமும் பழைய இரும்புக் கடைக்குப் போயிடணும். சொல்லிட்டேன்," என்றாள் மனைவி.

குமாஸ்தா தலையாட்டினார். அழுகை வந்தது, அழவும் அலுப்பாக இருந்தது.

இரண்டு மணி நேரம் கழித்து நிபுணர் வியர்வையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"நிம்மதியா வீட்டுக்குப் போங்க. பன்னிரண்டும் வெத்து இரும்பு."

குமாஸ்தாவுக்கு உயிர் வந்தது. மறுபடியும் போயிற்று.

"பதிமூணு சார்."

"நல்லா பாத்துட்டேன். பன்னிரண்டுதான் இருக்கு."

மாமனார் தொண்டையைச் செருமிக்கொண்டு மடியிலிருந்த பையைத் தட்டிக்கொடுத்தார்.

"எல்லாம் வெடிச்சுப் போயிட்டா நீங்க தாங்கமாட்டீங்களேன்னு, ஒவ்வொண்ணா தூக்கிப் பாத்து, இருக்கறதுலயே கனமானதை நான் கையோட எடுத்துட்டு வந்துட்டேன், மாப்பிள்ளை."