கட்டுப்படியாகாத மனிதன்

அன்பு மைத்துனனுக்கு அத்தான் எழுதுவது.

இங்கு நானும் உன் அக்காவும் நலம். உன் நலத்தை அறிய ஆவல் என்று எழுதுவதுதான் முறை. எனக்கு அந்த ஆவல் கிடையாது. போன வாரம் நீச்சல் குளத்தில் மல்லாந்து மிதந்தபடி நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். நன்றாகவே இருக்கிறாய்.

எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். உன்னால் என் மகளின் கல்யாணப் பேச்சு நின்றுவிட்டது. இதைப் போனில் சொல்ல முடியாது, உன் அக்காவின் காது அப்படிப்பட்டது. போனில் எழுதி அனுப்பவும் முடியாது, போனைத் திறக்கும் எண் எனக்கு மறக்கும்போதெல்லாம் அவளிடம்தான் கேட்கிறேன். அதனால் பதினான்கு மாடிக் கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் அறையில், கிரீஸ் டப்பாமேல் உட்கார்ந்து, சாப்பாட்டு நேரத்தில், பராமரிப்புத் தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பாதிக்குக் காரணம் மோட்டாரின் அதிர்வு, மீதிக்குக் காரணம் நீ.

இரண்டு வருடத்துக்கு முன்னால் போனில் அழுதாயே, நினைவிருக்கிறதா? நாய்களைக் குளிப்பாட்டி முடி வெட்டிவிடும் கடை. ஊரில் உள்ள நாயெல்லாம் உன் கடை வாசலில் வரிசையில் நிற்கப்போகிறது, ஒரே ஒரு மெஷின்தான் குறைகிறது, குளித்த நாயை உள்ளே உட்காரவைத்துக் கதவைச் சாத்தினால் பத்து நிமிடத்தில் காய்ந்து வெளியே வரும் என்றாய். "அத்தான், உங்கள விட்டா எனக்கு யாரு இருக்கா?" என்றாய். அன்று காலையில்தான் உன் அக்கா, "என் தம்பி வந்து கேட்டான்னா ஒத்தக் காசு குடுக்காதீங்க, சொல்லிட்டேன்" என்று விரலை ஆட்டிச் சொல்லியிருந்தாள். இவள் என்ன எனக்கு உத்தரவு போடுவது என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அவளுக்குத் தெரியாமல் என் கிரெடிட் கார்டில் அந்த மெஷினை வாங்கிக் கொடுத்தேன். கடை ஐந்து மாதம் நடந்தது. வந்த நாய்கள் ஒன்பது, அதில் உன்னைக் கடித்தவை நான்கு. கடையை மூடிவிட்டு மெஷினை என் வீட்டு ஹாலில் கொண்டுவந்து இறக்கினாய். "ரெண்டு நாள்ல எடுத்துக்கிறேன்க்கா" என்றாய். எந்த இரண்டு நாள் என்று சொல்லவில்லை. நீ சேர்த்துவைத்த பணத்தில் வாங்கியது என்று அவள் இன்றைக்கும் நம்பிக்கொண்டிருக்கிறாள்.

மாதம் தவறாமல் நான் கட்டுகிறேன். கட்டுவதெல்லாம் வட்டிக்கே போகிறது, அசல் அசையவில்லை. என் தொழிலில் இப்படி ஒரு பழுது உண்டு. மோட்டார் சுற்றும், கரண்ட் ஓடும், பெட்டி மட்டும் அதே மாடியில் நிற்கும். அப்படி ஒரு லிஃப்டை இரண்டு வருடம் நான் விட்டுவைத்தால் என்னை வேலையிலிருந்து தூக்கிவிடுவார்கள்.

எங்கள் ஸ்டோர் கீப்பர்தான் வழி சொன்னார். "பேலன்ஸ் ட்ரான்ஸ்பர் கார்டுன்னு ஒண்ணு இருக்குய்யா. பழைய கார்டு கடனை அப்படியே புதுக் கார்டுக்கு மாத்திடுவாங்க. இருபது மாசத்துக்கு வட்டியே கிடையாது, கட்டுறது அத்தனையும் அசல்ல கழியும்" என்றார். எனக்கு உயிர் வந்தது. அன்றைக்கே விண்ணப்பம் போட்டேன். உங்கள் வீட்டுச் செலவு விவரங்களைக் கேட்க எங்கள் அதிகாரி போனில் அழைப்பார் என்று பதில் வந்தது. எப்போது அழைப்பார் என்று அதில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு அழைத்தார்.

அந்த நாலு மணிக்கு என் வீட்டு ஹாலில் யார் இருந்தார்கள் தெரியுமா? என் மகள், அதாவது உன் மருமகள், ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறாள் அல்லவா, அதே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் பையனை அவளுக்குப் பிடித்திருக்கிறது. தங்கமான பையன். அவனுடைய அப்பாவும் அம்மாவும் முதல் தடவையாக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அப்பா கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் தங்க நிறத்தில் ஒரு பேனா. அந்தப் பேனாவைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. பெரிய இடம்! நாமும் சளைத்தவர்கள் இல்லை என்று காட்ட வேண்டுமே! அந்த அம்மா உன் மெஷினைப் பார்த்து, "இது என்னங்க, அடுப்பா?" என்று கேட்டார். "வெளிநாட்டு மெஷின்ங்க. ஈரத்துணியை உள்ள வெச்சா இஸ்திரி போட்ட மாதிரி வெளிய வரும்" என்றேன். அவர் கதவைத் திறந்து பார்த்தார். உள்ளே பழுப்பு நிறத்தில் முடி ஒட்டியிருந்தது. "கம்பளி காயவெச்சோம்" என்றேன்.

அப்போதுதான் போன் அடித்தது. எழுந்து வெளியே போய்ப் பேசியிருக்கலாமே என்பாய். சோபாவின் கிழிசல்மேல் நான் உட்கார்ந்திருந்தேன். எழுந்தால் பஞ்சு தெரியும். குசுகுசுவென்று பேசினாலோ வீட்டில் ஏதோ கோளாறு என்று நினைப்பார்கள். "பேங்க் மேனேஜரம்மா. ஸ்பெஷல் கார்டு ஒண்ணு வாங்கிக்கோங்கன்னு ஒரு மாசமா என்னை விடமாட்டேங்கறாங்க" என்று பையனின் அப்பாவிடம் சொல்லிவிட்டுச் சத்தமாகவே பேச ஆரம்பித்தேன்.

"சார், மாசம் சாப்பாட்டுச் செலவு எவ்வளவு ஆகும்?"

"சாப்பாட்டுக்கெல்லாம் நாங்க கணக்கே பாக்கிறதில்லைம்மா."

"தோராயமா சொல்லுங்க சார்."

என் சம்பளத்தில் பாதியைச் சொன்னேன். பையனின் அம்மா பையனின் அப்பாவைப் பார்த்தார். மதிப்பு ஏறுகிறது என்று நினைத்தேன்.

"துணிமணிக்கு?"

"அது மாசாமாசம் எடுக்கிறதுதாம்மா. ஒரு தடவ போட்டதை என் பொண்ணு மறுபடி தொடமாட்டா."

நாலு வருடமாகப் போட்டுவரும் நீலச் சட்டையை உன் மருமகள் குனிந்து பார்த்துக்கொண்டாள். வண்டிச் செலவு கேட்டார், காருக்கும் டிரைவருக்கும் சேர்த்துச் சொன்னேன். என்னிடம் இருப்பது சைக்கிள் என்பது உனக்குத் தெரியும்.

"உங்களை நம்பி எத்தனை பேர் இருக்காங்க சார்?"

"பதினோரு பேர்!" என்றேன். உன்னையும் சேர்த்துத்தான் சொன்னேன். மற்ற எட்டுப் பேர் யார் என்று எனக்கே தெரியவில்லை.

"அடுத்த ஒரு வருஷத்துல பெரிய செலவு ஏதாவது வருதா சார்?"

இந்தக் கேள்வியை அந்த ஹாலில் வைத்துக் கேட்டால் ஒரு தகப்பன் என்ன சொல்வான், நீயே சொல். உன் அக்கா டீத் தட்டோடு சமையலறை வாசலில் நின்றுவிட்டாள். பையனின் அப்பா கப்பை வாங்கக் கையை நீட்டியவர் நீட்டியபடியே இருந்தார். "என் ஒரே பொண்ணு கல்யாணம்மா! மூணு நாள்! ரெண்டாயிரம் பேருக்குச் சாப்பாடு! ஊரே வாயப் பொளக்கணும்!" என்றேன்.

"பதிஞ்சுக்கிட்டேன் சார்" என்றார் மேனேஜரம்மா. தட்டச்சு செய்யும் சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது.

இரு, ஆறாவது மாடியில் யாரோ மாட்டிக்கொண்டு மணி அடிக்கிறார்கள்.

வந்துவிட்டேன். ஒருவர் அலமாரியை உள்ளே திணித்துவிட்டுக் கதவு ஏன் மூடவில்லை என்று கேட்கிறார். உலகத்தில் நீ ஒருவன் மட்டும் இல்லை என்று தெரிந்துகொண்டேன்.

மூன்றாம் நாள் வங்கியிலிருந்து கடிதம் வந்தது. "தாங்கள் கோரிய கார்டு தங்களுக்குக் கட்டுப்படியாகாது என்று கருதுவதால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது." எனக்கு உச்சந்தலையில் கோபம் ஏறிவிட்டது. வேலைச் சட்டையோடு நேராகக் கிளைக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் மீசை முளைத்து ஒரு வாரம்கூட ஆகாத ஓர் அதிகாரி.

"தம்பி, பழைய கார்டுக்கு ரெண்டு வருஷமா வட்டி கட்டறேன். ஒரு மாசம் தவறியிருக்கேனா?"

"இல்ல சார், பிரமாதமா கட்டியிருக்கீங்க."

"அதே கடனை வட்டி இல்லாம கட்டறேங்கறேன். அது என்னால முடியாதா?"

"முடியாதுன்னு சிஸ்டம் சொல்லுது சார்."

"வட்டியோட கட்ட முடியும். வட்டி இல்லாம கட்ட முடியாது?"

"ஆமா சார்."

நான் விடவில்லை. ஆறு பேர் ஏறிய பழைய லிஃப்ட் ஒன்று கிறீச்சிட்டுக்கொண்டு ஓடுகிறது. பக்கத்தில் புது லிஃப்ட். அதே ஆறு பேர் அதில் மாறிக்கொள்கிறோம் என்கிறார்கள். வேண்டாம், நீங்கள் கனம் அதிகம், பழையதிலேயே தொங்குங்கள் என்று எந்த மடையனாவது சொல்வானா என்று கேட்டேன். "லிஃப்ட் பத்தி எனக்குத் தெரியாது சார், நான் எப்பவும் படியிலதான் ஏறுவேன்" என்றான். என் பிழைப்பிலேயே மண்ணைப் போடுகிறான்!

அதோடு விட்டானா? "நீங்க சொன்ன செலவுக்கு உங்க சம்பளத்தைப்போல ரெண்டு மடங்கு வேணும் சார். எல்லாம் பதிவாகியிருக்கு" என்று சொல்லி என் குரலை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டான். ஒரு தடவ போட்டதை என் பொண்ணு மறுபடி தொடமாட்டா என்று கிளை முழுக்க என் குரல் முழங்கியது. எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற ஓர் அம்மா, "அப்புறம் ஏன் கடன் வராது?" என்று சொன்னது என் காதில் விழுந்தது. "அதெல்லாம் பொய் தம்பி" என்றேன். "விண்ணப்பத்துல பொய் சொல்லியிருந்தா அது வேற பிரிவு சார், மூணாவது மாடி" என்றான்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றவில்லை, பையனின் அப்பா போன் செய்தார். "நாங்க சாதாரண ஆளுங்க சார். உங்க வீட்டுப் பழக்கத்துக்கு எங்க பையன் சம்பளம் தாங்காது. உங்க பொண்ணை வெச்சுக்க எங்களுக்குக் கட்டுப்படியாகாது சார், மன்னிச்சிடுங்க" என்றார்.

ஒரே நாளில் இரண்டு இடத்தில் அதே வார்த்தை. கடன் வாங்கக் கட்டுப்படியாகாதவன், சம்பந்தம் செய்யவும் கட்டுப்படியாகாதவன். ஆறு நாளாக உன் மருமகள் என்னோடு பேசவில்லை. தட்டை என் முன்னால் வைக்கிறாள், போய்விடுகிறாள். அவள் அழுதாலாவது சமாதானம் சொல்லலாம். என் வாயால் என் பெண்ணின் வாழ்க்கையை நானே கெடுத்தேன் என்று நினைக்கும்போது வயிறு எரிகிறது. அந்த எரிச்சல் வங்கிமேல் பாதி, உன்மேல் பாதி. அவர்கள் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லலாம் என்றால், வங்கி எதற்கு அழைத்தது என்று சொல்ல வேண்டும், கடனைச் சொல்ல வேண்டும், நாயைச் சொல்ல வேண்டும், உன்னைச் சொல்ல வேண்டும். உன் அக்காவுக்குத் தெரிந்தால் எனக்கு அந்த மெஷினுக்குள்தான் படுக்கை.

ஆகவே இதுதான் என் கடைசி வார்த்தை. இந்த மாத முடிவுக்குள் பணத்தோடு வா. சாக்கு சொல்லாதே. அழாதே. அழுதால் போனை வைத்துவிடுவேன். இனிமேல் நீ என்ன தொழில் தொடங்கினாலும் இந்த அத்தான் செத்துவிட்டான் என்று நினைத்துக்கொள்.

கடவுள் உனக்கு நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும். கடனை அடைக்க அது தேவைப்படும்.

இப்படிக்கு,
கொதிப்புடன்,
உன் அத்தான்

பின்குறிப்பு: நாய் கடித்த இடம் குளிரில் வலிக்கிறது என்று அக்காவிடம் சொன்னாயாமே, டாக்டரிடம் காட்டினாயா? கையில் காசு இல்லையென்றால் தயங்காமல் எழுது, ஏதாவது பார்க்கலாம். அக்காவுக்குத் தெரிய வேண்டாம்.

தம்பி, இதற்குக் கீழே எழுதுவது அக்கா. உன் அத்தான் இந்தக் கடிதத்தைச் சாப்பாட்டுப் பையில், காலி டப்பாவுக்கு அடியில் ஒளித்துவைத்திருந்தார். டப்பாவைக் கழுவுவது யார் என்பதை மறந்துவிட்டார். மூன்று நாளாக ஒவ்வொரு மோட்டார் அறையாகத் தேடிக்கொண்டிருக்கிறார்.

பையனின் அப்பா ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். அந்தப் பேனா, வேலையை விட்ட அன்று டிப்போவில் கொடுத்தது, அதில் மைகூட இல்லை. நேற்று நானும் பெண்ணும் நேரில் போய் உள்ளதை உள்ளபடி சொன்னோம். சோபாக் கிழிசலையும் விடவில்லை. அந்த அம்மா சிரித்துக்கொண்டே தங்கள் சோபாவில் விரித்திருந்த துணியைத் தூக்கிக் காட்டினார், அவர்கள் கிழிசல் பெரிது. கல்யாணம் நடக்கும், நூறு பேருக்குச் சாப்பாடு. ஞாயிற்றுக்கிழமை பேசி முடிக்க வருகிறார்கள். அதுவரைக்கும் உன் அத்தானிடம் சொல்லப்போவதில்லை.

அந்தக் கார்டுக்கு என் பெயரில் விண்ணப்பித்தேன். மருந்துக் கடையில் எனக்கும் சம்பளம் வருகிறது, இந்த வீட்டின் செலவும் எனக்குத்தான் தெரியும். அதே மேனேஜரம்மா கேட்டார், சொன்னேன். ஒரு மணி நேரத்தில் சரி என்றுவிட்டார்கள். அத்தான் கடனை அதற்கு மாற்றியாயிற்று. இனி நீ மாதாமாதம் எனக்குக் கட்டுகிறாய். ஒரு மாதம் தவறினாலும் அந்த மெஷினில் உன்னை உட்காரவைத்துக் கதவைச் சாத்துவேன்.

அன்றைக்கு மெஷினுக்கு அத்தானிடம் கேள் என்று உன்னைத் தூண்டிவிட்டது நான்தான் என்பது அவருக்கு எந்தக் காலத்திலும் தெரியக் கூடாது. கொடுங்கள் என்று நான் சொன்னால் பத்து நாள் யோசிப்பார். கொடுக்காதீர்கள் என்றால் அன்றைக்கே கொடுத்துவிடுவார்.

படித்ததும் கிழித்துவிடு. பதில் எழுதும்போது, அத்தான் கோபத்தைப் பார்த்துக் கை கால் நடுங்கிவிட்டது என்று எழுது. அவரை நம்பி இருக்கிற பதினோரு பேரில் ஒருவராவது அவருக்குப் பயப்பட வேண்டாமா?