இருநூறு பேர் வாய் திறந்த ஞாயிறு

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது பெரிய காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் பாடகர்களை வீட்டுக்கு அனுப்பினால் பாட்டு பெருகும் என்று கண்டுபிடித்தவர் எங்கள் வானொலி நிலையத்தின் இசைப் பிரிவுத் தலைவர் ஜைல்ஸ் ஆஷ்காம்ப். அந்தப் பெருமை லண்டனுக்கே உரியது. கண்டுபிடிப்பு நடந்தபோது நான் பக்கத்தில் நாற்காலி தூக்கிக்கொண்டிருந்தேன். ஆகவே சாட்சி சொல்ல எனக்குத் தகுதி உண்டு.

நாற்பத்தோரு வருஷமாக அந்த ஸ்டூடியோவில் நாற்காலி போடுகிறவன் நான். தேநீரும் போடுவேன். பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டதால், அறிக்கைகளை நம்பும் பயிற்சி எனக்குக் கிடைக்காமல் போய்விட்டது.

நிலையத்தின் சேர்ந்திசைக் குழுவில் இருபது பேர். காலையில் பாட்டுத் தாளைக் கையில் கொடுத்தால் மாலையில் நாடு முழுக்கக் கேட்கும்படி பாடிவிடுவார்கள். ஒருநாள் என்னை நாற்காலிகளை வட்டமாகப் போடச் சொன்னார்கள். எங்கள் ஊரில் நாற்காலி வட்டமாக வந்தால் யாருக்கோ வேலை போகப்போகிறது என்று பொருள்.

ஜைல்ஸ் வட்டத்தின் நடுவில் நின்று மகிழ்ச்சியான செய்தி சொன்னார். நிலையம் சேர்ந்திசையை உயிராக மதிக்கிறதாம். ஆகவே குழுவைக் கலைக்கிறதாம். அடுத்தது 'கலந்தாலோசனை'. அதாவது முடிவு எடுத்தாகிவிட்டது, கருத்துகளை இனி தாராளமாக அனுப்பலாம்.

மார்வென்னா டிரெகார் கையைத் தூக்கினாள். கார்ன்வால்காரி. இருபத்துமூன்று வருஷமாகக் குழுவில் பாடுகிறவள். வேறு தொழில் தெரியாது.

"ஜைல்ஸ், எங்களை நிறுத்திட்டா பாட்டு எப்படி அதிகமாகும்?"

"நீங்க பாடுறவங்கதானே, அதனால உங்களுக்கு இது புரியறது கொஞ்சம் கஷ்டம்" என்றார் ஜைல்ஸ், மிகுந்த கனிவோடு.

மக்கள் கொதித்துப் போனார்கள். எங்கள் மக்கள் கொதித்தால் கடிதம் எழுதுவார்கள். மூன்று லட்சம் கடிதங்கள் வந்தன. பெரும்பாலானவை 'தொந்தரவுக்கு மன்னிக்கவும்' என்று தொடங்கின. ஜைல்ஸ் அவற்றை 'வரலாறு காணாத ஈடுபாடு' என்று ஆண்டறிக்கையில் தம் சாதனையாகச் சேர்த்துக்கொண்டார்.

அப்புறம் நேரிலேயே வந்தார்கள். ஹடர்ஸ்ஃபீல்டிலிருந்தும் ட்ரூரோவிலிருந்தும் ஊர்ப் பாட்டுச் சங்கங்கள்: பல் வைத்தியர்கள், தபால்காரிகள், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்கள். மழையில் எங்கள் வாசலில் குரல்வாரியாக அணிவகுத்து நின்று பாடினார்கள். சாலையை விட்டு நகரச் சொல்ல வந்த போலீஸ்காரரிடம் பாட்டுத் தாளில் இந்த ஒரு பக்கம் முடியட்டுமா என்று பணிவாகக் கேட்டார்கள். அவரும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு காத்திருந்தார்.

பாட்டு பிரமாதமாக இருந்தது. காரணம் எனக்குத் தெரியும். இந்த ஊர்ச் சங்கங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கச்சேரி என்றால் நாலைந்து தொழில்முறைப் பாடகர்களை அழைத்து வந்து வரிசைக்கு இடையில் சத்தமில்லாமல் நிறுத்திக்கொள்வார்கள். மற்றவர்கள் இவர்களை ஓரக்கண்ணால் பார்த்து, இவர்கள் தொடங்கியதும் தொடங்குவார்கள். எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்லமாட்டார்கள். அன்றும் மழைக்கோட்டும் கம்பளித் தொப்பியுமாக எங்கள் இருபது பேரும் கூட்டத்துக்குள்தான் நின்றார்கள்.

ஜைல்ஸ் மேல்மாடி ஜன்னலைத் திறந்து கேட்டார். கண்கலங்கி என் பக்கம் திரும்பினார்.

"இதப் பாருங்க வில்ஃப். சாதாரண ஜனங்க. எவ்வளவு நல்லாப் பாடுறாங்க. எதுக்கு நமக்குத் தனியா ஒரு குழு?"

உடனே ஏற்பாடு செய்தார். ஞாயிறு மூன்று மணிக்கு இந்தச் சங்கத்தார் இருநூறு பேர் ஸ்டூடியோவில் பாட, நேரடி ஒலிபரப்பு. நன்றாக வந்தால் திங்களன்று ஆட்சிக்குழு கலைப்பு உத்தரவில் கையெழுத்துப் போடும். சொதப்பினால் குழு பிழைத்தது. சங்கத்தாருக்கு இதைச் சொல்லவில்லை. குழுவுக்கு ஆதரவாகப் பாடுவதாகவே நினைத்து வந்தார்கள். தொழில்முறைக் குரல் ஒன்றுகூட உள்ளே வரக்கூடாது, தூய்மை கெட்டுவிடும் என்று ஜைல்ஸ் கதவருகே தாமே நின்று பார்த்துக்கொண்டார். இசை நடத்துநரும் வேண்டாமாம், ஒருவர் கையசைத்துப் பலர் பாடுவது பழைய காலத்து அதிகாரமாம். 'பரஸ்பர நம்பிக்கை'யில் தொடங்கவேண்டுமாம். ஒலிப்பொறியாளரைப் போன மாதமே 'எளிமைப்படுத்தி'விட்டார்கள்.

மார்வென்னா ஸ்டூடியோவை ஒட்டிய என் தேநீர் அறையில் வானொலிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"கவுந்துடும் வில்ஃப். அரை நிமிஷம் தாங்காது" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "பாவம், நமக்காக மழையில நின்னவங்க" என்றாள். இரண்டையும் மனசாரத்தான் சொன்னாள்.

நான் கதவுக் கண்ணாடி வழியாக ஸ்டூடியோவைப் பார்த்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. இருநூறு பேரும் மூச்சை இழுத்தார்கள். வாயைத் திறந்தார்கள். ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவர் தொடங்கக் காத்திருந்தார். முந்திக்கொண்டு பாடுவது எங்கள் நாட்டில் வரிசையில் முந்துவதைவிடக் கேவலம். பல் வைத்தியர் தபால்காரியைப் பார்த்தார். தபால்காரி கணக்கு வாத்தியாரைப் பார்த்தாள். யாரும் தொடங்கவில்லை. தான் மட்டும்தான் பாடவில்லை என்பது வெளியே தெரியாமலிருக்க, எல்லோரும் வாயை மட்டும் அழகாக அசைத்தார்கள்.

எங்கள் நிலையத்தில் ஓர் இயந்திரம் உண்டு. ஒலிபரப்பில் பத்து விநாடி மௌனம் வந்தால், லண்டனில் குண்டு விழுந்துவிட்டது என்று முடிவுசெய்து, அவசரகாலப் பதிவு ஒன்றைத் தானாகப் போட்டுவிடும். பதினொரு வருஷத்துக்கு முந்தைய பதிவு. அதற்கு நாற்காலி போட்டவன் நான். இருபது நாற்காலி.

வானொலியில் பாட்டு எழுந்தது. மார்வென்னா கோப்பையைக் கீழே வைத்தாள்.

"ரெண்டாவது வரியில மூச்சு வாங்குறது நான்தான், வில்ஃப். அன்னிக்கு எனக்கு ஜலதோஷம்."

கட்டுப்பாட்டு அறையில் ஜைல்ஸ் காதுக்கருவியோடு கண்மூடி உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் கன்னம் நனைய வெளியே வந்தார். நான் தேநீர்த் தட்டோடு ஸ்டூடியோவுக்குள் போனேன். மார்வென்னாவும் கூடவே வந்தாள்.

"ஒரு தொழில்முறைக் குரல்கூட இல்ல" என்றார் ஜைல்ஸ், இருநூறு பேரையும் பார்த்து. "நாடே கேட்டுச்சு. அற்புதம்."

இருநூறு பேரும் தங்கள் காலணிகளைப் பார்த்தார்கள். "ஏதோ எங்களால முடிஞ்சது" என்றார் பல் வைத்தியர்.

ஜைல்ஸ் மார்வென்னா பக்கம் திரும்பினார். "நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க. உங்க குழு என்னிக்காவது இப்படிப் பாடியிருக்கா?"

"பாடியிருக்கோம்" என்றாள் மார்வென்னா. "இப்ப நீங்க கேட்டது அதைத்தான்."

ஜைல்ஸ் அவள் தோளை ஆதரவாகத் தட்டினார். வேலை போகிறவர்களுக்கு வருத்தம் இருக்கும், அதைத் தாம் மதிப்பதாகச் சொன்னார். அவள் கூட்டத்தைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். நான் யாருக்குச் சர்க்கரை வேண்டும் என்று கேட்டேன்.

திங்களன்று கையெழுத்து ஆனது. ஜைல்ஸை நான் குறை சொல்லமாட்டேன். பாவம் மனிதர், காதில் விழுந்ததை நம்பினார். அவள் சொன்னது உண்மை என்று தெரிந்தவர்கள் அந்த அறையில் இருநூற்றொரு பேர் இருந்தோம். பக்கத்தில் இருப்பவர் தொடங்கட்டும் என்று காத்திருந்தோம்.