திருகுள்ள நீள உருப்படிகள்

அரசு அலுவலர்களுக்கும் மனம் என்று ஒன்று உண்டு என்பதையும், அது அவ்வப்போது மகிழ வேண்டும் என்பதையும் எந்தச் சட்டமும் மறுக்கவில்லை. ஆகவே மேலமதகூர் பாசன அலுவலகத்தின் பின்கட்டில் ஒரு மனமகிழ் மன்றம் இயங்கி வந்தது. தாராளமயம் வரும்வரை அங்கே ஒரு கேரம் பலகைதான். தாராளமயம் வந்தது, பின்னாலேயே கோலால் பந்தடிக்கும் பூல் மேசையும் வந்தது.

மேசையைக் கொடுத்தவர் சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் கிளாட்சன். வாய்க்கால் புறம்போக்கை ஒட்டிய தன் மனைக்குத் தடையில்லாச் சான்று கேட்டு ஐந்து வருட விடுமுறைகளை அலுவலக வாசலில் கழித்தவர். மேசை வந்திறங்கிய மறுநாள் சான்று வந்தது. இரண்டுக்கும் தொடர்பில்லை என்று அலுவலகமே எழுத்தில் கொடுத்திருக்கிறது, யாரும் கேட்காமலே.

மேசைக்குக் கோல் வேண்டும். சாதாரணக் கோல் போதாது என்று உதவிப் பொறியாளர் ராஜராஜன் கண்டுபிடித்தார். இந்த ஆட்டத்தில் முதலில் பந்துகளை முக்கோணமாக நெருக்கி வைப்பார்கள். ஓங்கி ஒரே அடியில் சிதறடிக்க நீளமான, கனத்த கோல் வேண்டும். நடு ஆட்டத்தில் குறுக்கே ஒரு பந்து நின்றால், வெள்ளைப் பந்தை அதன் தலைக்கு மேல் தாவவைக்கக் குட்டையான, லேசான கோல் வேண்டும். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்ததைக் கடையில் ஜம்ப் பிரேக் ஸ்டிக் என்கிறார்கள். முழுதாக இருந்தால் உடைக்கும். பின்பகுதியைத் திருகிக் கழற்றினால் மிச்சம் தாவும். எதிரே நிற்பவரைத் தொடாமல் தாண்டிப் போவது அந்த அலுவலகத்தில் எல்லாருக்கும் கைவந்த கலை. அதற்கென்று ஒரு கருவி தேவைப்பட்டது அதுதான் முதல் தடவை.

அதே வாரம் எங்கள் விவசாயிகள் சங்கமும் ஒரு மனு கொடுத்தது. கடைமடை மதகின் பலகையைத் தூக்கும் திருகுக் கம்பி களவு போய்விட்டது. பலகைக்கு அந்தப் பக்கம் இடுப்பளவு தண்ணீர். இந்தப் பக்கம் எங்கள் சங்கத்து மங்களாம்பிகை மூன்று மா நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, அதற்காக விட்டிருந்த சம்பா நாற்றங்கால். நாற்றுக்குப் பதினெட்டு நாள்; மண்ணில் விரல் நுழையும் வெடிப்பு. சங்கச் செயலாளன் என்ற முறையில், பதினோரு தடவை சிறை சென்றவன் என்ற முறையில், அவரை நானே அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன்.

கண்காணிப்பாளர் ஜெக்கரியா எங்கள் மனுவையும் கோல் கோரிக்கையையும் ஒரே கோப்பில் கட்டிக்கொண்டிருந்தார். மேலே எழுதியிருந்த தலைப்பு: திருகுள்ள நீள உருப்படிகள்.

“என்ன சார் இது?” என்றேன்.

“கோல்லயும் திருகு இருக்கு, உங்க கம்பியிலயும் திருகு இருக்கு. ரெண்டும் நீளம். ரெண்டும் கையால இயக்குறது. ஒரே இனத்தை ரெண்டு கோப்புல வாங்குனா தணிக்கையில மாட்டுவேங்க.”

“அப்ப கம்பிய மொதல்ல வாங்குங்க.”

“கோலுக்கு நேத்தே எழுதியாச்சு. நீங்க இன்னைக்கு வர்றீங்க. வரிசைன்னு ஒண்ணு இருக்குல்ல?”

மங்களாம்பிகை முந்தானையை இழுத்துச் செருகினார். “ஏன் சார், ஒரு கடப்பாரையப் போட்டு நெம்புனா பலகை தன்னால வந்துடப் போவுது. நானே செஞ்சுக்குறேன்.”

“அரசாங்கச் சொத்தும்மா. கம்பி எண்ண வேண்டியிருக்கும்.”

மங்களாம்பிகை என்னைப் பார்த்தார். நான் சொன்னதை வரலாற்றுக்காகப் பதிவு செய்கிறேன்: “தனிநபர் சாகசம் இயக்கத்தைப் பலவீனப்படுத்தும் தாயி. அமைப்பு முடிவெடுக்காம கடப்பாரையத் தொடாத.”

“அதுக்குள்ள நாத்து முடிவெடுத்துடும்ணே” என்றார். அரசியல் கல்வி போதவில்லை என்று குறித்துக்கொண்டேன்.

கோலைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் பொதுமக்கள் பிரதிநிதி ஒருவர் இருக்க வேண்டுமாம். “நீங்களே இருங்க தோழரே. கோல் சீக்கிரம் முடிஞ்சா கம்பி சீக்கிரம் நகரும்” என்றார் ராஜராஜன். தந்திரோபாய ரீதியில் சம்மதித்தேன். என்னைக் கண்காணிக்க எங்கள் தலைவர் பஞ்சநதமும் குழுவில் சேர்ந்தார்.

கிளாட்சன் மாதிரிக்கு இரண்டு கோல்கள் அனுப்பினார். சோதனை நடந்தது. ராஜராஜன் களத்தில் போரடிப்பதுபோல ஓங்கி அடித்தார். வெள்ளைப் பந்து மேசையை விட்டு எழும்பி, ஜன்னல் வழியே, அந்த மதகிலிருந்து பிரியும் வாய்க்காலில் விழுந்தது. பஞ்சநதம் செருப்போடு இறங்கி எடுத்து வந்தார். பந்தும் நனையவில்லை, செருப்பும் நனையவில்லை.

“பாத்தீங்களா? வாய்க்கால்ல சொட்டுத் தண்ணி இல்ல” என்றேன்.

“குறிப்புல ஏத்திடுறேன்” என்று ஜெக்கரியா எழுதினார்: ‘தாவும் திறன் நன்று.’

இரண்டு கோல்களுக்கும் வித்தியாசம் முனையில்தான். ஒன்றுக்குத் தோல் முனை. மற்றதற்குக் கல்போல் இறுகிய பிசின் முனை. பிசின் பலமாக உடைக்கும், சுலபமாகத் தாவும் என்றார் ராஜராஜன். நான் இரண்டு நாள் படித்துவிட்டுப் பதினாறு பக்கத்தில் ஒரு வெளியீடு கொண்டுவந்தேன். தோல் முனை நம் தொழிலாளியின் வியர்வை. பிசின் முனை பன்னாட்டு மூலதனம் நம் மேசைமீது நீட்டும் விரல். பஞ்சநதம் இருபது பக்கத்தில் மறுத்தார். பிசினை எதிர்ப்பவன் உற்பத்திச் சக்திகளின் வளர்ச்சியை எதிர்ப்பவன். குடவாசலிலிருந்து நாகூர் வரை சுவரொட்டிகள். முப்பத்தோரு வருடச் சங்கம் தோல் பிரிவு, பிசின் பிரிவு என்று இரண்டானது. பெயர்ப்பலகை அவர்களிடம், மைக் செட் எங்களிடம்.

மங்களாம்பிகை அலுவலகத்துக்கே வந்துவிட்டார். “அண்ணே, மொனை எதுவா இருந்தா என்ன? நாத்து செவந்து போச்சு. இன்னும் நாலு நாள் தாங்காது.”

“இதுல விட்டுக்குடுத்தா எல்லாத்துலயும் விட்டுக்குடுக்கணும் தாயி.”

“எல்லாத்துலயும்னா? எங்கிட்ட இருக்குறது அந்த மூணு மாதானே.”

எதிரே நின்ற பஞ்சநதத்திடமும் போய்க் கேட்டார். அவரும் இதையேதான் சொன்னார் என்று பிறகு அறிந்தேன். கொள்கையில் எங்களுக்குள் அவ்வளவு நெருக்கம் இருந்தும் பிரிய நேர்ந்தது.

அலுவலக வாசலின் கிழக்கே நான் உண்ணாவிரதம் உட்கார்ந்தேன். மேற்கே பஞ்சநதம் உட்கார்ந்தார். மூன்றாம் நாள் ராஜராஜன் வெளியே வந்து அறிவித்தார்: கோலுக்கு முன்பகுதி இரண்டாக வாங்கப்படும், ஒன்றில் தோல், ஒன்றில் பிசின். இரண்டு பிரிவும் வெற்றி பெற்றது. இரண்டு பிரிவுக்கும் ஒரே சொம்பிலிருந்து எலுமிச்சைச் சாறு கொடுத்தார்கள். இரண்டு பிரிவும் வெடி போட்டது.

கோல் வந்து சேர்ந்ததும் வரிசைப்படி கம்பி நகர்ந்தது. மதிப்பீடு, ஒப்புதல், ஒப்புதலுக்கு ஒப்புதல். தை மாதம், மேட்டூர் அணையை மூடிய மறுவாரம், மதகில் கம்பி பொருத்தப்பட்டது. பொறியாளரே வந்து திருகிக் காட்டினார். இரண்டு விரலால் சுற்றினால் போதும், பலகை வழுக்கிக்கொண்டு எழுந்தது. அடியில் நத்தை ஓடுகள் கிடந்தன.

இந்த வெற்றியைச் சொல்ல மங்களாம்பிகை வீட்டுக்கு ஊர்வலமாகப் போனோம். வழியில் இரண்டு பிரிவும் ஒரே முழக்கத்தைப் போட நேர்ந்தது. வீடு பூட்டியிருந்தது.

பக்கத்து வீட்டு ஷீபா எட்டிப் பார்த்தார். “அது திருப்பூர் போயி மூணு மாசத்துக்கு மேல ஆச்சுங்க. பனியன் கம்பெனியில பிசிறு வெட்டுற வேலையாம்.”

“எங்கள்ட்ட ஒரு வார்த்தை சொல்லலியே?”

“நீங்க உண்ணாவிரதத்துல இருந்தீங்க. சாப்புடாம இருக்குறவங்கள தொந்தரவு பண்ண வேணாம்னு சொல்லிச்சு.”

விளைநிலம் இப்படித் தரிசாவதை அனுமதித்தால் டெல்டா என்ன ஆகும்? அங்கேயே அவசரப் பொதுக்குழு கூடினோம். போராட்டக் களத்தையும் நிலத்தையும் பாதியில் கைவிட்டு வெளியூர் ஓடிய மங்களாம்பிகையைக் கண்டித்து நான் தீர்மானம் எழுதினேன். ‘கண்டிக்கிறது’ என்பதை ‘வன்மையாகக் கண்டிக்கிறது’ என்று பஞ்சநதம் திருத்தினார். ஏற்றுக்கொண்டேன். பல மாதங்களுக்குப் பிறகு ஒருவர்கூட எதிர்க்காமல் ஒரு தீர்மானம் நிறைவேறியது. இருவரும் கட்டித் தழுவிக்கொண்டோம். இனி சங்கம் ஒன்றுதான்.

திருப்பூர் முகவரி யாரிடமும் இல்லை. ஆகவே ஒரு பிரதியை நாலாக மடித்து, அவர் வீட்டுப் பூட்டின் வளையத்தில் செருகிவிட்டு வந்தோம்.