ஊமைப்பட அண்ணை

ஊமைப்பட அண்ணையின் வாயை அடைத்தவன் நான்தான். மொன்றியல் குளிருக்கே அடங்காத வாய் அது.

கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் சின்னதொரு டெப்பனர், அதுதான் தெருமூலைப் பலசரக்குக் கடை, வைத்திருந்தார். பாலும் பாணும் வாங்கப் போனால், பேசாத படக் காலத்து இங்கிலாந்து நடிகர் ஒருவரின் வாழ்க்கையையும் கேட்டுவிட்டுத்தான் வெளியே வரலாம். நடிகரின் பெயரைச் சொல்லமாட்டார். "எங்கட துரை" என்பார். துரை தட்டு ஏந்தும் வேலைக்காரனாகத் தொடங்கி, காதலனாகி, மீசை வைத்து வில்லனாகி, பேசும்படம் வந்ததும் குரல் சரியில்லை என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். இந்தக் கடைசிக் கட்டம் வந்ததும் அண்ணை கல்லாவை மூடிவிட்டுத் தலைகுனிந்து நிற்பார். வரிசையில் நிற்பவர்களும் துக்கம் காக்கவேண்டும்.

எங்கள் முதியோர் சங்கத்தில் மாதம் ஒரு படமாகத் துரையைத் திரையில் காட்டினார். இடையிடையே திரையில் வரும் வசன எழுத்து பிரெஞ்சில் இருக்கும். அண்ணை அதைப் பொருட்படுத்தாமல், மைக்கோடு நின்று எல்லாப் பாத்திரங்களுக்கும் தானே பேசுவார். துரை துப்பாக்கியை நீட்டினால், "சீதனக் காணியை எழுதித் தாறியோ, இல்லாட்டி கொம்மாவைக் கூப்பிடவோ?" கதாநாயகி மயங்கி விழுவாள். மண்டபம் சிரித்துச் சிரித்து இருமும்.

படத்துக்கு முன் என் இலக்கியச் சொற்பொழிவு. அதற்கு மண்டபம் தூங்கும். ஓய்வுபெற்ற ஆசிரியனான என்னால் பொறுக்க முடியவில்லை.

ஒருநாள் துரை காதலியின் கையைப் பிடித்துக் கதறினார். "விசா வந்திட்டுது, வாரும் ஓடுவம்" என்றார் அண்ணை. நான் எழுந்து, "அப்படி இல்லை. 'மழை வரும்போல இருக்கிறது' என்றுதான் எழுதியிருக்கிறது" என்றேன். அடுத்த எழுத்தையும் மொழிபெயர்த்தேன். அதற்கடுத்ததையும். எங்கள் ஆட்களுக்குப் படம் பார்ப்பதைவிடப் பிழை பிடிப்பதில் ருசி அதிகம்.

"அப்ப இவ்வளவு நாளும் எங்களைப் பேய்க்காட்டினியளோ?" என்று கேட்டார் ஒருவர்.

அண்ணை மைக்கை மேசையில் வைத்தார். "எனக்கும் பிரெஞ்சு வாசிக்கத் தெரியும், மாஸ்டர். எழுதிக்கிடக்கிறதைச் சொல்ல நான் எதுக்கு?"

பிறகு அவர் சங்கத்துக்கு வரவில்லை. கடையிலும் துரையின் பேச்சு நின்றது. போன்ஜூர், மெர்சி, அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்கப் போனேன். "ஓம் மாஸ்டர், பாலோ வேணும்?" என்றார்.

வேறு வழி தெரியாமல், அடுத்த படத்துக்கு நானே குரல் கொடுப்பதாக அறிவித்தேன். அன்று அண்ணை வந்து பின்வரிசையில் இருந்தார். துரை கத்தியோடு பாய்ந்தார். "அன்பரே, தங்கள் முடிவு நெருங்கிவிட்டது" என்றேன். முன்வரிசையில் குறட்டை கேட்டது.

அண்ணையால் தாங்க முடியவில்லை. எழுந்து வந்து என் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.

"அவன் கொலைகாரன், மாஸ்டர். பள்ளிக்கூட அதிபர் மாதிரிக் கதைக்காதேங்கோ." பிறகு என் காதுக்குள், "சொல்லுங்கோ: 'டேய், உன்ர கலியாண வீட்டில எனக்குப் பாயாசம் கிடைக்கேல்லை.'"

சொன்னேன். மண்டபம் அதிர்ந்தது. மைக்கை அவரிடம் நீட்டினேன், தள்ளிவிட்டார். "படம் ஓடுது, பாருங்கோ."

இன்றுவரை அவர் மைக்கைத் தொடவில்லை. மாதம் ஒருமுறை என் காதில் சொல்கிறார். நான் உரக்கச் சொல்கிறேன். கைதட்டல் அவருடையது என்று ஒவ்வொரு முறையும் அறிவிக்கிறேன், யாரும் கேட்பதில்லை. சிலவேளை அவர் சொல்ல வாயெடுத்து, யோசித்து நிற்பார். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள், இந்த மனுஷன் இனிப் பேசாமலே இருந்துவிடுவாரோ என்று பயந்து, காதை இன்னும் கிட்டக் கொண்டுபோவேன்.