லாக்டேஸ் லீவில் போன நாள்

பாடம் நடத்துகிறவனுக்கு அந்தப் பாடம் தெரிந்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையை உடைக்கக் குடலில் லாக்டேஸ் என்ற நொதியம் வேண்டும். இதை அக்கரப்பத்தனைப் பிள்ளைகளுக்கு வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப் போடுகிறவன் நான். என் குடலில் அது இருக்கிறதா என்று யோசித்ததே இல்லை. (எப்படி யோசிப்பது? தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்ததிலிருந்து பால் சேர்க்காத ப்ளேன் டீதானே.)

கல்யாணம் லிந்துலையில். தாலி கட்டியதும் பெண் வீட்டில் பாலும் பழமும் கொடுத்தார்கள். ஊரில் எல்லா மாப்பிள்ளைகளும் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைப் பெண்ணிடம் நீட்டுவார்கள். மாமியாரோ பக்கத்திலேயே நின்று, "நம்ம வீட்டு மாட்டுப் பாலுங்க மாப்ள" என்றார். புது மாப்பிள்ளை மிதப்பில் மொத்தத்தையும் குடித்தேன். அவர் முகம் மலர்ந்து இன்னொரு டம்ளர் ஊற்றினார். அதையும் விடவில்லை.

வேன் புறப்பட்டது. நல்ல நேரம் முடிவதற்குள் பெண்ணை எங்கள் வீட்டுக்கு அழைத்துப் போயாக வேண்டும். கொஞ்ச தூரத்திலேயே வயிற்றில் மேளம் தொடங்கியது. அடுத்த வளைவில் நாதஸ்வரமும் சேர்ந்துகொண்டது. (உடனே ஜன்னலைத் திறந்த சித்தப்பாவை நான் இன்னும் மன்னிக்கவில்லை.)

"பால்தான். எனக்கு லாக்டேஸ் சுரக்கல போல" என்று மனைவியின் காதில் சொன்னேன்.

"பாடம் அப்புறம் நடத்தலாங்க. மொதல்ல வேன நிப்பாட்டச் சொல்லுங்க."

ரோட்டோரம் ஒரு லயம். மாலையும் பட்டு வேட்டியுமாக ஓடி, வாசலில் நின்ற ஒரு அக்காவிடம், "கக்கூஸ் எங்கங்க?" என்றேன். அவர் கையைக் காட்டினார்.

போன உயிர் திரும்பி வெளியே வந்தால், லயமே கூடி நின்றது. நடுவில் என் மனைவி, நெற்றியில் புதுக் குங்குமம்.

"பொண்ணு மாப்ள வாசலுக்கு வந்துட்டுச் சும்மா போகக் கூடாதுங்க" என்று அந்த அக்கா தட்டை நீட்டினார். தட்டில் இரண்டு டம்ளர் பால்.

மறுத்தால் அவர் மனம் நோகும். குடித்தால் நல்ல நேரம் கக்கூஸிலேயே கழியும்.

மனைவி இரண்டையும் எடுத்து மடமடவென்று குடித்தாள். "அவருக்குப் பால் ஒத்துக்காதுங்கக்கா. இனிமே அவரு பங்கும் எனக்குத்தான்."

பேசிச் செய்த கல்யாணம் எங்களுடையது. ஆனால் அந்தக் கக்கூஸ் வாசலில்தான் நான் அவளைக் காதலிக்கத் தொடங்கினேன். நல்ல நேரம் முடிகிற தறுவாயில் வீடு போய்ச் சேர்ந்தோம். (அங்கேயும் பால். அதையும் அவளே குடித்தாள்.)

அந்த லயத்தில் இப்போது அதற்கு 'மாப்ள கக்கூஸ்' என்றே பெயர். பஸ் அந்தப் பக்கம் போனால் மனைவி முழங்கையால் இடித்து, "எறங்குறீங்களா?" என்பாள். போன மாதம் அதற்குப் புதுக் கதவு போட்டார்கள். திறந்துவைக்க எங்களைத்தான் கூப்பிட்டார்கள். எல்லோருக்கும் பால் டீ, எனக்கு மட்டும் ப்ளேன் டீ.