நூறாவது ஆள்

"நான் செத்துப்போன என் அண்ணனா நடிக்கணும். அவ்வளவுதானே?" என்றான் தோப்ரி.

"மெதுவா பேசுடா!" ராத்கா ஜன்னலைச் சாத்தினாள். "கார் பாலத்துக்கிட்ட வந்தாச்சு."

லெஷ்காவா வட்டாரத்தில் நூறு பேருக்குக் குறைந்தால் தலைவி பதவி போய்விடும். பதவியோடு அலுவலகம் போகும், தபால் போகும், வாரா வாரம் வரும் நர்ஸ் வண்டியும் போகும். வசந்தத்தில் பென்கோ இறந்தபோது கணக்கு தொண்ணூற்றொன்பதாகிவிட்டது. தலைவி ராத்கா மேலிடத்துக்கு மூச்சுவிடவில்லை. இப்போது தலைகளை எண்ண அதிகாரி வருகிறார். அதனால்தான் பென்கோவின் தம்பியை டவுனிலிருந்து வரவழைத்திருந்தாள்.

அச்சு அசல் அதே மூக்கு, அதே மீசை. சிக்கல், பென்கோவின் வீட்டு வாசலில், அவன் மனைவி மின்காவிடம் இருந்தது.

"மின்கா அக்கா, கேட்ல ஒட்டியிருக்கிற அந்த நோட்டீஸை மட்டும் எடுத்துடுங்களேன்."

"எடுக்க மாட்டேன்டி. ஆறு மாச நினைவு நோட்டீஸ். தானா கிழியிற வரைக்கும் இருக்கணும். அதானே வழக்கம்?"

"ஒரு மணி நேரம் மட்டும்..."

"உன் பதவிக்காக அவரை ரெண்டாவது தடவை சாகடிக்கணுமா?"

"சாகடிக்கலைக்கா. உயிரோட கொண்டு வர்றேன்!"

மின்கா அசையவில்லை. ராத்கா சுவரில் காய்ந்துகொண்டிருந்த சிவப்பு மிளகாய்ச் சரத்தை எடுத்து நோட்டீஸின் மேல் தொங்கவிட்டாள். அந்தப் பக்கம் கார் வந்து நின்றது.

அதிகாரி வெலிசார், ஒல்லியான மனிதர். இறங்கியதும் அவருடைய கண் மிளகாயில் விழுந்தது.

"அடடா, நல்ல ஜாதி!" என்று சரத்தைக் கையில் எடுத்தார்.

பின்னால் நோட்டீஸ் போட்டோவில் பென்கோ சிரித்துக்கொண்டிருந்தான். 'உன்னைப் பிரிந்து ஆறு மாதம்.'

அதிகாரி போட்டோவைப் பார்த்தார். தோப்ரியைப் பார்த்தார்.

"இவர் செத்துட்டார்னு ஒட்டியிருக்கே?"

"அது... புருஷன் பொண்டாட்டி சண்டைங்க ஐயா," என்றாள் ராத்கா. "கோவத்துல ஒட்டிட்டாங்க."

"கறுப்புத் துணி போட்டிருக்காங்க?"

"பெரிய சண்டை."

"இப்போ சமாதானமா?" என்று தோப்ரியிடம் கேட்டார்.

"பேச்சுவார்த்தை நடக்குது ஐயா," என்றான் தோப்ரி. மின்கா முறைத்த முறைப்பில் அது உண்மை போலவே இருந்தது.

அதிகாரி குறித்துக்கொண்டார். "உள்ளே வேற யாராவது? மாடியில? கதவுக்குப் பின்னால?"

ராத்காவுக்கு வியர்த்தது. மோப்பம் பிடித்துவிட்டான்!

அடுத்தது கோல்யோவின் வீடு. அப்போதுதான் நினைவு வந்தது, திராட்சை பறிக்க அவன் ஸ்பெயினுக்குப் போயிருக்கிறான். ராத்கா கண்ணைக் காட்டினாள். தோப்ரி கொல்லைப்புறமாக ஓடி, வேலி தாண்டி, கோல்யோவின் தொப்பியை மாட்டிக்கொண்டு மூச்சிரைக்கக் கதவைத் திறந்தான்.

"உங்களை எங்கேயோ பார்த்திருக்கேனே," என்றார் அதிகாரி.

"இந்த ஊர்ல எல்லாருக்கும் ஒரே ஜாடை ஐயா."

"மீசையில முள்ளு ஒட்டியிருக்கு."

"அதுவும் குடும்ப வாகுதான்."

குறித்துக்கொண்டார். தொழுவத்தில் ஏதோ அசைந்ததும் சட்டென்று திரும்பினார். "அங்கே யாரு?"

"கழுதைங்க ஐயா."

"பேரு?"

"மார்க்கோ."

"வயசு?"

கிண்டல் செய்கிறான் என்று ராத்காவுக்குப் புரிந்துவிட்டது. எல்லாம் முடிந்தது. மீதி வீடுகளில் அவர் எண்ணியதை அவள் பார்க்கவேயில்லை. கடைசியில் காரை நோக்கி நடந்தவரை மறித்தாள்.

"ஐயா, என்னை என்ன வேணா பண்ணுங்க. நர்ஸ் வண்டியை மட்டும் நிறுத்திடாதீங்க. நான் ஒண்ணு சொல்லணும்..."

"ஒண்ணும் சொல்லாதீங்கம்மா!" அவர் பதறிப்போய்க் கையை உயர்த்தினார். "நூத்தியொண்ணு. உங்க வட்டாரம் அப்படியே இருக்கும்."

"நூத்தியொண்ணா?" கூட்டிக் கழித்துப் பார்த்தாலும் நூறைத் தாண்டவில்லையே! "எப்படிங்க ஐயா?"

அதிகாரி காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். மிளகாய்ச் சரத்தைப் பின் சீட்டில் வைத்துக்கொண்டிருந்த டிரைவர் ஸ்டமாட், அவள் காதருகே குனிந்தான்.

"கண்டுக்காதீங்கக்கா. ஜனத்தொகை இன்னும் கொஞ்சம் குறைஞ்சா எங்க மாவட்ட ஆபீசையே மூடப்போறாங்க. போன ஊர்ல சோளக்கொல்லை பொம்மையைக் குடும்பத் தலைவர்னு எழுதிட்டுத்தான் இங்க வந்தாரு!"